இரண்டாம் நம்பர் டோக்கன்

மாமாவுக்குத் தொள்ளாயிரத்து நாற்பது சாமான்கள் இருக்கும் இடம் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் கை நேராக அங்கே போகும். ஆனால் தன்னுடைய பெல்ட் எங்கே இருக்கிறது என்பது ஒரு நாள் காலையிலாவது அவருக்குத் தெரிந்ததில்லை. ஒரே ஆள், ஒரே மூளை, இது எப்படி என்று எனக்கு மண்டையைக் குடைந்தது.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். பேருந்துப் பணிமனையில் டூல் ரூமைப் பார்த்துக்கொள்பவர். இருபத்து மூன்று வருஷமாக அதே அறை, அதே கம்பி ஜன்னல். ஒரு முறை அவருடைய சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். சுவர் முழுக்கப் பச்சைப் பலகை. பலகையில் ஆணிகள், ஆணிகளில் ஸ்பேனர், சுத்தியல், திருப்புளி, குறடு. ஒவ்வொன்றின் பின்னாலும் அதனதன் உருவத்தைக் கறுப்புப் பெயின்டில் வரைந்திருந்தார். சாமானை எடுத்தால் கறுப்பு உருவம் மட்டும் தெரியும். எது இல்லை என்று பார்க்க ஒரு நொடி போதும்.

அது யாரிடம் இருக்கிறது என்று பார்க்க இன்னொரு ஏற்பாடு. ஒவ்வொரு மெக்கானிக்கிடமும் அவருடைய நம்பர் அடித்த அலுமினிய டோக்கன்கள் பத்து இருக்கும். ஸ்பேனர் வேண்டுமென்றால் ஒரு டோக்கனைக் கொடுக்க வேண்டும். ஸ்பேனர் இருந்த ஆணியில் அந்த டோக்கன் தொங்கும். ஸ்பேனர் திரும்பி வந்தால் டோக்கன் ஆளிடம் போகும். ஷிப்ட் முடியும்போது மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மற்றவர்கள் பேப்பர் படிப்பது மாதிரி அந்தப் பலகையைப் படிப்பார். டோக்கன் தொங்குகிற ஆளுக்கு லீவு கிடையாது. யாராக இருந்தாலும் கிடையாது. ஒரு டார்ச் லைட்டுக்காக, கேட் வரைக்கும் போய்விட்ட மேனேஜரையே திரும்பக் கூப்பிட்டவர் என்று பணிமனையில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதர், காலை ஏழு மணிக்கு வீட்டு நடுக்கூடத்தில் பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்று, "என் பெல்ட் எங்க?" என்று கூவுவார். ஊருக்குத்தான் உபதேசம்.

என் வேலையே எண்ணுவதுதான். புதுச் சாலை போடுவதற்கு முன்னால், ஒரு முனையில் எத்தனை வண்டி போகிறது என்று கணக்கெடுக்க ஆள் நிறுத்துவார்கள் இல்லையா, அந்த ஆள் நான். கட்டைவிரலால் அமுக்கினால் ஒன்று ஏறுகிற சின்ன இரும்புக் கவுண்டர் எப்போதும் என் பையில் இருக்கும். நான் குடியிருந்த வீட்டில் குழாய் உடைந்து தரையைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். பத்து நாள் தங்கிக்கொள்கிறேன் என்று பெட்டியுடன் அக்கா வீட்டுக்கு வந்தேன். மூன்று மாதம் ஆகிவிட்டது. வந்த புதிதில் வெறும் வேடிக்கைதான் பார்த்தேன். பிறகு ஒரு திங்கட்கிழமை, கை சும்மா இருக்காமல், கவுண்டரை எடுத்துக்கொண்டு கூடத்து மூலையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆறு மணியிலிருந்து எட்டரை வரை அந்த வீட்டில் "எங்க" என்ற வார்த்தை அறுபத்து மூன்று முறை கேட்டது. சாவி எங்க, சாக்ஸ் எங்க, சார்ஜர் எங்க, கத்தரிக்கோல் எங்க, நேற்று இங்கே வைத்த பேனா எங்க. கல்லூரிக்குப் போகிற பெரியவள் இருபத்திரண்டு. ஏழாவது படிக்கிற சின்னவன் இருபத்திரண்டு. மாமா பத்தொன்பது. அறுபத்து மூன்றில் ஐம்பத்தைந்து கேள்வி அக்காவைப் பார்த்து வந்தவை. அக்கா அடுப்பை விட்டுத் திரும்பாமலே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். "ரெண்டாவது டிராயர், இடது பக்கம், ரப்பர் பேண்டுக்கு அடியில." போய்ப் பார்த்தால் அங்கேதான் இருக்கும்.

சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, ஆபீஸில் அறிக்கை வாசிக்கிற தோரணையில் இதை வாசித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

"எனக்குப் பத்தொன்பதா? நல்லா எண்ணினியாம்மா?"

"எண்ணுறதுக்குத்தான் மாமா எனக்குச் சம்பளம்."

அக்கா தட்டைக் கழுவப் போட்டபடியே என்னிடம் கேட்டாள். "உன்னோடத சேத்தியா?"

"எண்ணுற ஆள எண்ணுறது வழக்கமில்லக்கா," என்றேன். அவள் குழாயைத் திறந்துவிட்டாள்.

அதே வாரம்தான் அக்காவுக்கு அந்தக் கடிதம் வந்தது. அக்கா ஒரு பெரிய மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். முன்பக்கத்தில் இல்லை, பின்னறையில். பவர் எழுதிய சீட்டு உள்ளே வரும். அதைப் பார்த்து லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்திக் கொடுக்க வேண்டும். பதினோரு வருஷமாக அந்த மெஷின் சத்தத்தில் இருக்கிறாள். சீட்டில் தப்பு இருந்தால் மூக்கில் வேர்த்துவிடும் அவளுக்கு. "இந்த ரெண்டு கண்ணுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்காது, திரும்பப் பாருங்க" என்று சீட்டைத் திருப்பி அனுப்புவாள். முன்னறையில் இருப்பவர்கள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பப் பார்ப்பார்கள். பத்தில் ஒன்பது தடவை அக்கா சொன்னதுதான் சரியாக இருக்கும். கடைக்காரர்கள் கடைசியில் விழித்துக்கொண்டார்கள். ஆறு வாரம் வேறு ஊரில் பயிற்சி, தங்க இடம், முடித்து வந்தால் முன்னறையில் கண் பார்க்கிற வேலை. சம்மதமா இல்லையா என்று இருபத்தைந்தாம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

"போயேன்," என்றார் மாமா உடனே. நல்ல மனிதர். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"நான் போனா இந்த வீடு ஒரு வேள நடக்குமா? காலைல அறுபத்து மூணு தடவ எங்கன்னு கேக்குற வீடு இது," என்று சொல்லிவிட்டு, கடிதத்தை மடித்துச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது என் கதை. விளையாட்டுக்கு எண்ணிய எண்ணை அவள் சாக்காகப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. மாமாவுக்கு ரோஷமே வந்துவிட்டது. சாமான் இருக்கும் இடம் தெரியாததால் தன் மனைவியின் படிப்பு நிற்கிறது என்றால், டூல் ரூம் கீப்பருக்கு அதைவிட வேறு என்ன அவமானம் வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலை, பணிமனையில் கழித்துக்கட்டிய ஒரு பலகையோடும் பச்சைப் பெயின்ட் டப்பாவோடும் வந்தார். முதலில் வீட்டையே கவிழ்த்தோம். ஒரு நகவெட்டிக்காக வாரா வாரம் சண்டை போட்ட வீட்டில் ஐந்து நகவெட்டிகள் கிடைத்தன. யாருக்கும் சொந்தமில்லாத சாவிகள் பதினாறு. பெரியவள் தொலைத்ததாக அழுத கம்மல் ஒன்று. சின்னவனின் போன வருஷத்து மதிப்பெண் அட்டை, அது தானாகத் தொலைந்த மாதிரி தெரியவில்லை. மாமா எல்லாவற்றையும் தரையில் பரப்பி, தினமும் கை படுகிறவை எவை என்று பிரித்தார். முப்பத்து நான்கு தேறியது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் சுவரில் பலகை ஏறியது. கீழே ஒரு தட்டு. கத்தரி, ஊசி டப்பா, டார்ச், ஷூ பிரஷ், குடை, அயர்ன் பாக்ஸ், மருந்துப் பெட்டி, சாப்பாட்டு டப்பாக்கள், அலாரம் கடிகாரம் என்று ஒவ்வொன்றுக்கும் கறுப்பு உருவம். பெல்ட்டுக்கும் ஒன்று. அதைத் தூரத்திலிருந்து பார்த்தால் பாம்பு மாதிரி இருக்கிறது என்று சின்னவன் கத்தினான்.

டோக்கனும் வந்தது. ரிட்டையர் ஆனவர்களின் பழைய டோக்கன்களைத் தேய்த்துப் புது நம்பர் அடித்திருந்தார். ஒன்று மாமா, இரண்டு அக்கா, மூன்று பெரியவள், நான்கு சின்னவன். எனக்கு ஐந்து. ஆளுக்குப் பத்து.

"என் வீட்ட டெப்போவா ஆக்கிட்டீங்களா?" என்றாள் அக்கா.

"ஒரே மாசம். சரிப்படலன்னா நானே கழட்டிடறேன்."

முதல் நாள் மாமா பெல்ட்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அந்த ஆணியில் தன் டோக்கனை மாட்டினார். "நீங்கதானே போட்டிருக்கீங்க, அதுக்கு எதுக்கு டோக்கன்?" என்று பெரியவள் கேட்டாள். "வெளிய போனது போனதுதான்" என்றார். சின்னவன் ஒரு படி மேலே போய்க் குளியலறைச் சோப்புக்கு டோக்கன் மாட்டினான். இரண்டு நாளில் எல்லோரும் சட்டத்தைப் படித்துவிட்டார்கள். கத்தரியைக் காணோமா? ஆணியில் மூன்றாம் நம்பர். பெரியவளைப் பிடி. பேச்சே இல்லை.

ஒரு வாரம் கழித்து எண்ணினேன். இருபத்தெட்டு. இன்னொரு வாரம் கழித்து ஒன்பது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகிவிட்டது. காலையில் யாரும் யாரையும் பார்த்துக் கத்துவதில்லை. மாமா முதல் முறையாக உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வேலைக்குப் போனார். வருகிறவர்களிடமெல்லாம் பலகையைக் காட்டினார். தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவருக்குக்கூட விளக்கினார். அந்த மனிதர் பாவம், மீட்டரைப் பார்க்காமலே போய்விட்டார்.

ஆனால் கடிதம் சர்க்கரை டப்பாவுக்கு அடியிலேயே இருந்தது.

எனக்கு இது புரியவில்லை. புரியாத ஒன்றைச் சும்மா விட என்னால் முடியாது. வீடு சீராகிவிட்டது. அவள் சொன்ன காரணம் போய்விட்டது. அப்புறம் ஏன் கையெழுத்துப் போடவில்லை? இருபதாம் தேதி கேட்டேன்.

"பாக்கலாம்," என்றாள்.

"இன்னும் என்னக்கா பாக்கறது?"

"இப்போதைக்கு அடுப்பப் பாக்கறேன். பால் பொங்குது."

மாமாவையும் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. "பத்து டோக்கன் போதலன்னு உங்கக்கா சொன்னா. இன்னும் அஞ்சு அடிச்சுக் குடுத்தேன். வேற எந்தக் குறையும் சொல்லல," என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கும் அதில் ஒன்றும் தட்டுப்படவில்லை, கேட்ட எனக்கும் தட்டுப்படவில்லை. இரண்டு பேரும் பெரிய புத்திசாலிகள்.

இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம். வெயிலில் எட்டு மணி நேரம் லாரி எண்ணிவிட்டு வந்து செருப்பைக் கழற்றினேன். மாமா பலகைக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வீட்டில் அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. வீட்டுப் பலகையை எல்லோரும் போகிற போக்கில்தான் பார்ப்போம். டூல் ரூமில் படிக்கிற மாதிரி அவர் அதைப் படித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"இங்க வாம்மா. நீ எண்ணு," என்றார்.

எண்ணினேன். பலகையில் பதினான்கு டோக்கன் தொங்கியது. மாமாவின் பெல்ட்டில் ஒன்றாம் நம்பர். சார்ஜர் ஆணியில் மூன்றாம் நம்பர். மீதிப் பன்னிரண்டும் இரண்டாம் நம்பர்.

மாமா அக்காவைக் கூப்பிட்டார். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவர் ஒரு மெக்கானிக்கைக் கேட்கிற குரலிலேயே கேட்டார். அந்தக் குரலைத் தவிர அப்போது அவருக்கு வேறு குரல் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"ஷூ பிரஷ்?"

"சின்னவன் ஷூ. நாளைக்கு அவனுக்கு ஸ்கூல்ல பரேடு."

"ஊசி டப்பா?"

"பெரியவ டிரஸ் தையல் விட்டிருச்சு."

"அயர்ன் பாக்ஸ்?"

"உங்க சட்ட."

"கத்தரி?"

"சின்னவன் சார்ட் பேப்பர். வெட்டி ஒட்டிக் குடுத்தாதான் செய்வான்."

"குடை?"

"மழ வர்ற மாதிரி இருந்துச்சு. பெரியவளக் கூட்டிட்டு வர பஸ் ஸ்டாப்புக்குப் போனேன்."

இப்படியே போனது. மருந்துப் பெட்டி, டார்ச், நான்கு சாப்பாட்டு டப்பாக்கள். அலாரம் கடிகாரத்தில் தொங்கிய டோக்கன் பலகை வந்த நாளிலிருந்து இறங்கவே இல்லை. அது தினமும் அக்காவின் தலைமாட்டில் நாலே முக்காலுக்கு அடிக்கிறது. பன்னிரண்டு சாமானில் ஒன்றுகூட அவளுக்காக அவள் எடுத்தது இல்லை. இதில் என் பங்கும் உண்டு. நான்கு டப்பாவில் ஒன்று என்னுடையது. அதில் அவள் போட்டுக் கொடுத்த முட்டையைத்தான் மத்தியானம் நான் நிழலில் உட்கார்ந்து தின்றேன். என்னுடைய ஐந்தாம் நம்பர் டோக்கன்கள் பத்தும் என் பெட்டியில் பத்திரமாக இருந்தன. ஒரு சாமானையும் நானாக எடுத்ததில்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டெப்போல ஒருத்தன் வந்து பத்து டோக்கன் போதலன்னு சொன்னா, நான் மொதல்ல என்ன கேப்பேன் தெரியுமா? உன் மேல எத்தன பேரோட வேலையடா விழுந்திருக்குன்னு கேப்பேன். நீ கேட்டப்ப அஞ்சு டோக்கன் அடிச்சுக் குடுத்தேன். இவ்வளவுதான் எனக்குத் தோணுச்சு."

மாமா பலகையை இன்னொரு தடவை பார்த்தார்.

"டோக்கன் தொங்குற ஆளுக்கு லீவு கிடையாதுன்னு சட்டம் போட்டவன் நான்தான். சாமான் எங்க இருக்குன்னு தெரிஞ்சா நீ போயிடலாம்னு நெனச்சேன். இப்ப எல்லா சாமானும் எங்க இருக்குன்னு தெரியுது. எல்லாம் உன் கையில இருக்கு."

பிள்ளைகள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். பேரம் தொடங்கியது. ஷூ பிரஷ் ஆணியிலிருந்து இரண்டாம் நம்பரைக் கழற்றிச் சின்னவன் கையில் கொடுத்து, "உன் நம்பர மாட்டு" என்றார். அவன் ஷூவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், மாட்டினான். சார்ட் பேப்பரை வெட்டத் தெரியாது என்றான். கோணலாக வெட்டு, மார்க் குறைந்தால் குறையட்டும் என்றார் மாமா. பெரியவள் ஊசியை எடுத்துக்கொண்டாள், குடையையும் எடுத்துக்கொண்டாள். மழை வந்தால் நனைந்துகொண்டு வருகிறேன், யாரும் வரவேண்டாம் என்று வீராப்பாகச் சொன்னாள். அயர்ன் பாக்ஸ், மருந்துப் பெட்டி, டார்ச் மூன்றுக்கும் மாமா. டப்பாக்களுக்கு அவரவர் நம்பர். நான் பெட்டியைத் திறந்து என் முதல் டோக்கனை எடுத்து வந்து மாட்டினேன். அலுமினியம் இன்னும் புதிசு போலப் பளபளத்தது, எனக்கு வெட்கமாக இருந்தது.

கடைசியில் அலாரம் கடிகாரம் மிஞ்சியது. பூனைக்கு யார் மணி கட்டுவது? பெரியவள் கூரையைப் பார்த்தாள். சின்னவனுக்குத் திடீரென்று படிக்க வேண்டியிருந்தது. நான் மாமாவைப் பார்த்தேன், மாமா என்னைப் பார்த்தார். "சரி, ஒரு வாரம் நீங்க, ஒரு வாரம் நான்," என்றேன். அவர் உடனே தன் டோக்கனை மாட்டிவிட்டு என்னிடம் சொன்னார். "நாலே முக்காலுக்கு யாராலயும் எழுந்திரிக்க முடியாது. அஞ்சேகாலுக்கு வெக்கிறேன். சாப்பாட்டுல ஒரு கொழம்பு கொறையட்டும்."

பலகையில் இப்போது எல்லா நம்பரும் இருந்தன. இரண்டாம் நம்பர் மட்டும் இல்லை. கழற்றிய டோக்கன்கள் பன்னிரண்டையும் மாமா எண்ணி அக்காவின் கையில் வைத்தார். டூல் ரூமில் லீவில் போகிற ஆளிடம் சொல்கிற அதே வாக்கியத்தைச் சொன்னார். "உன் பேர்ல ஒண்ணும் நிலுவ இல்ல. நீ கிளம்பலாம்."

இந்த இடத்தில் அக்கா சிரிப்பாள், அல்லது அழுதபடியே சிரிப்பாள், சர்க்கரை டப்பாவைத் தூக்குவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவளுக்குக் கோபம் வந்தது. டோக்கன்களை மேஜையில் கொட்டினாள். இரண்டு உருண்டு கீழே விழுந்தன.

"அவ்வளவுதானா? பத்து நிமிஷத்துல முடிஞ்சிருச்சா? பத்தொன்பது வருஷமா நான் இங்க செஞ்சதெல்லாம் பத்து நிமிஷத்துல பிரிச்சு எடுத்துக்கிற வேலதானா?"

எனக்கு அப்போதுதான் மெல்லப் புரிய ஆரம்பித்தது. அவளுடைய பயம் வேறு. தான் போனால் வீடு நடக்காது என்று அவள் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. நடந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் உள்ளே கிடந்த பயம். என் கவுண்டரில் அது விழவில்லை. எப்படி விழும், அவள் அதை ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லையே.

மாமாவுக்கு எனக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது. எப்படி என்று அடுத்து அவர் சொன்னதிலிருந்து தெரிந்தது. பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார். என்னைச் சொல்லவில்லை. நானாகப் போயிருக்க வேண்டும். எங்கே போவேன், காது இங்கேயே நின்றுவிட்டது.

"எனக்கு மஞ்சக் காமாலை வந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"இருபத்தோரு நாள் படுத்திருந்தீங்க. மறக்குமா?"

"அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி என்ன சென்ட்ரல் ஸ்டோருக்குக் கூப்பிட்டாங்க. பெரிய வேல. நான் போகல."

"முதுகு வலி, அவ்வளவு தூரம் தெனம் பஸ்ல போக முடியாதுன்னு சொன்னீங்க."

"முதுகு நல்லாத்தான் இருந்துச்சு. நான் போனா டூல் ரூம் என்னாகும்னு போகல. என்ன விட்டா எவனுக்கு எந்த ஸ்பேனர் எங்கன்னு தெரியும்? அப்படி ஒரு நெனப்பு. அப்புறம் காமாலை வந்து படுத்தேன். புதுசா ஒரு பையன போட்டாங்க. தெனம் பத்து தடவ போன் பண்ணுவேன். பதினேழாம் நம்பர் ஸ்பேனர் இருக்கா, ஜாக்கி திரும்பி வந்துச்சான்னு. நாலாவது நாள் அந்தப் பையன் சொன்னான், 'அண்ணே, நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க, இங்க எல்லாம் நல்லாத்தான் போகுது'ன்னு."

மாமா கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நகத்து ஓரங்களில் எந்தச் சோப்புக்கும் போகாத கிரீஸ் கறை.

"அன்னிக்கு நீங்க சாப்பிடவே இல்ல," என்றாள் அக்கா மெதுவாக. "செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டீங்க. நான் காய்ச்சல் ஏறிடுச்சுன்னு பயந்து டாக்டரக் கூட்டிட்டு வந்தேன்."

"காய்ச்சல் இல்ல. வலி. நான் இல்லாம நடக்குதேன்னு வலி. டூல் ரூம் நின்னு போயிருந்தா சந்தோஷமா இருந்திருப்பேன்னு தோணுச்சு. எவ்வளவு கேவலமா தோணியிருக்கு பாரு. அந்த ஆணவத்துக்காக ஒரு நல்ல வேலைய விட்டிருக்கேன். உங்கிட்ட முதுகு வலின்னு பொய் வேற. இத்தன வருஷம் யார்கிட்டயும் சொல்லல."

"இப்ப எதுக்குச் சொல்றீங்க?"

"நீ இல்லாம இந்த வீடு நடக்கும். கோணலா நடக்கும், ஆனா நடக்கும். அது உனக்கு வலிக்கும். எனக்குத் தெரியும், நான் பட்டிருக்கேன். அந்த வலிக்குப் பயந்து நிக்காத. அது மட்டும் செய்யாத."

அக்கா குனிந்து கீழே விழுந்த இரண்டு டோக்கன்களை எடுத்தாள். மேஜையில் கிடந்த பத்தோடு சேர்த்து முந்தானையில் துடைத்தாள். பிறகு சொன்னாள். "சென்ட்ரல் ஸ்டோருக்குப் போயிருந்தா இப்ப உங்களுக்கு ஏசி ரூம் இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்."

"முதுகுக்கு நான் மூணு மாசம் தைலம் தேய்ச்சேன்."

"தேய்ச்ச."

"நான் நல்லாத் தேய்க்கிறேன்னு வேற சொன்னீங்க."

"அது பொய் இல்ல," என்றார் மாமா.

அவள் சிரித்துவிட்டாள். சர்க்கரை டப்பாவை நகர்த்திக் கடிதத்தை எடுத்து அங்கேயே நின்றபடி கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலை, கெடுவுக்கு ஒரு நாள் முன்னால், அதைக் கடையில் கொடுத்தாள்.

அடுத்த மாதம் முதல் தேதி அவள் கிளம்பினாள். நான் என் வீட்டுக்குத் திரும்பிப் போவதைத் தள்ளிப்போட்டேன். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தேனே. முதல் நாள் காலை சோறு குழைந்தது. சின்னவன் ஒரு ஷூவை மட்டும் தேய்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். மாமாவின் சட்டையில் இஸ்திரிப்பெட்டியின் முனை ஒரு மஞ்சள் தடத்தைப் பதித்துவிட்டது. மற்றபடி எல்லோரும் நேரத்துக்கு வெளியே போனோம், நேரத்துக்குத் திரும்பி வந்தோம்.

சாயங்காலம் ஆறிலிருந்து மாமா போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தார். "நீங்களே கூப்பிடுங்க மாமா," என்றேன். "வேண்டாம். நான் அந்தப் பையனுக்குப் பண்ணின மாதிரி பண்ண மாட்டேன்," என்றார். ஏழரைக்கு அக்காவே கூப்பிட்டாள். மாமா ஸ்பீக்கரில் போட்டார்.

இருபது நிமிஷம் பேசினாள். அவள் அவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை. இருட்டறையில் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கிற ஒரு கருவியைக் கையில் கொடுத்தார்களாம். முதல் தடவை ஒன்றும் தெரியவில்லையாம். மூன்றாவது தடவை, உள்ளே சிவப்பாக ஒரு ஒளி நகர்ந்ததாம். அந்த ஒளி நகர்கிற பக்கத்தை வைத்தே பவரைச் சொல்லிவிடலாமாம். பதினோரு வருஷம் சீட்டில் பார்த்த எண்ணெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று இன்றைக்குத்தான் பார்த்தேன் என்றாள். கூடப் படிக்கிற சின்னப் பெண்கள் அவளிடம்தான் சந்தேகம் கேட்கிறார்களாம். சொல்லிக்கொண்டே இருந்தவள், மணி அடிக்கிறது, சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், நாளைக்குப் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மாமா போனை மேஜையில் வைத்தார்.

"வீட்டப் பத்தி ஒரு வார்த்த கேக்கல, பாத்தியா?"

"ஆமா மாமா."

"சாப்பிட்டீங்களான்னுகூட கேக்கல."

"ஆமா."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். "வலிக்குதும்மா," என்றார். "ஆனா நல்லா இருக்கு." பிறகு எழுந்து, குழைந்த சோற்றில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கச் சமையலறைக்குப் போனார்.